ஆறுக்குப் பிறகு எட்டு

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், லவ் லேனுக்குப் பக்கத்துச் சந்தில் மர்ஜானாவின் விடுதி இருக்கிறது. அடுக்குக் கட்டில் விடுதி. ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கலாம். அங்கே தங்க வருகிறவர்களுக்குச் சாவியோடு ஒரு தாளும் கிடைக்கும். 'ஜார்ஜ் டவுன்: ஒரு நாள், முப்பது ரிங்கிட்' என்று மேலே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எந்தச் சுவரில் எந்த ஓவியம், இலவச பஸ் எங்கே நிற்கும், நாசி கண்டார் சோற்றுக் கடையில் இறைச்சியை விட்டுவிட்டு எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொன்னால் எவ்வளவு மிஞ்சும் என்பதெல்லாம் அதில் வரிசையாக எண் போட்டு இருக்கும். எண்கள் பத்து வரை போகும். கூர்ந்து பார்க்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். ஆறுக்குப் பிறகு எட்டு வருகிறது.

ஏழாவது எங்கே என்று யாராவது கேட்டால், வரவேற்பு மேசையில் இருக்கும் குமுதா தலையை நிமிர்த்தாமல் சொல்வாள்: "அச்சுப்பிழை."

கேட்டவர்கள் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ஏழாவது வரியை எழுதியவள் அவள்தான். எடுத்தவளும் அவள்தான்.

குமுதா சுங்கை பினாங் அடுக்குமாடியில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அவள் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். பள்ளி முடித்தவுடன் பாயான் லெபாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பதினோரு ஆண்டுகள். பூதக்கண்ணாடிக்குக் கீழே குண்டூசித் தலை அளவு பாகங்களைப் பார்த்துப் பார்த்து, ஊரைப் பார்க்க நேரமில்லாமல் போயிற்று. கோவிட் தளர்ந்து எல்லாம் திறக்கத் தொடங்கிய சமயத்தில் தொழிற்சாலை அவளுடைய பிரிவை மூடியது. மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அது எட்டு மாதம் வரவேண்டியிருந்தது.

அந்த எட்டு மாதத்தில்தான் அவள் ஜார்ஜ் டவுனை நடந்தே கற்றுக்கொண்டாள். வேலை தேடி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கியபோது எந்தத் தெருவில் நிழல் எத்தனை மணிக்கு விழும், எந்தக் கடையில் தண்ணீர் இலவசம், எந்த மதிற்சுவருக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் யாரும் விரட்டமாட்டார்கள் என்பதெல்லாம் மனப்பாடம் ஆயிற்று. வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். பானையில் இருப்பது அவருக்கே சரியாக இருந்தது. "நான் வெளியில சாப்பிட்டேம்மா" என்று பல நாள் பொய் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அது பொய்யில்லை.

துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ சாலைப் பக்கம் ஒரு சின்ன முருகன் கோயில் உண்டு. துறைமுகக் கூலிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டியது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அங்கே அன்னதானம். அறுபது பேர் பாய் விரித்து உட்காரக்கூடிய கூடம். சமையலும் பரிமாறலும் நல்லம்மாளுடைய பொறுப்பு. பெரிய உடம்பு, சத்தமான குரல். பரிமாற வருகிற புதியவர்களுக்கு நல்லம்மாள் முதல் நாள் ஒரே ஒரு சட்டம்தான் சொல்லிக்கொடுப்பார்.

"இலையப் பாத்துப் போடு. மூஞ்சியப் பாக்காத."

அதனால் அந்தக் கூடத்தில் யார் பக்தர், யார் பசித்தவர் என்பது யாருக்கும் தெரியாது. வங்கி மேலாளரும் உட்கார்வார், பேருந்து நிலையத்தில் பலூன் விற்கிற அம்மாவும் உட்கார்வார். சோறு வரும், சாம்பார் வரும், முட்டைக்கோஸ் பொரியல் வரும், ரசம் வரும். யாரும் பேர் கேட்கமாட்டார்கள், யாரும் நன்றி சொல்லத் தேவையில்லை. குமுதா அந்த எட்டு மாதத்தில் முப்பது வெள்ளிக்கிழமையாவது அங்கே சாப்பிட்டிருப்பாள். நல்லம்மாளின் வளையல் கை மட்டுமே அவளுக்குப் பழக்கம்.

அவளுக்குப் பக்கத்தில், தூணில் முதுகு சாயாமல் ஆனால் தூணை ஒட்டி, எப்போதும் ஒருவர் உட்கார்வார். எழுபதைத் தாண்டியவர். முழுக்கை வெள்ளைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். வரும்போது ஒரு முழம் பூவும் ஒரு பொட்டலம் சூடமும் கொண்டுவந்து சந்நிதியில் கொடுத்துவிட்டுத்தான் பந்திக்கு வருவார். தம்பு என்று பெயர். அப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தைப்பிங்கில் பிறந்து, பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் மட்டும் யாழ்ப்பாணம் போகவில்லை.

"இண்டைக்கு ரசம் திறம்," என்பார்.

"ஆமா அங்கிள். மிளகு தூக்கலா இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. சில நாள் வானிலை. ஒரு நாள் மட்டும் தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். "என்ர வீட்டுச் சுவரிலை ஆரோ வந்து குடை பிடிச்ச பூனையொண்டைக் கீறிப்போட்டுப் போயிட்டினம். இப்ப என்ர வாசலுக்கு நானே வரிசையிலை நிக்கவேண்டிக் கிடக்கு, பிள்ளை."

"டிக்கெட் போட்டு வசூல் பண்ணுங்க அங்கிள்."

"பூனைக்குத்தான் குடுக்கவேணும்," என்று சொல்லி இலையைத் தன் பக்கமாக மடித்தார்.

பிறகு குமுதாவுக்கு மர்ஜானாவிடம் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை பகலில் மேசையை விட்டு நகர முடியாது. கோயிலுக்குப் போவது நின்றுபோயிற்று.

தாள் எழுதும் யோசனை அவளுடையதுதான். முதல் பிரதியைப் படித்துவிட்டு மர்ஜானா தலையில் கை வைத்தாள். "ஏம்புள்ள, ஊர்ல உள்ள ஓசிய எல்லாம் நீயே எழுதிக் குடுத்துட்டா, நான் டூர் பஸ் டிக்கெட்ட யாருக்கு விக்கிறது?"

"ஓசியக் காட்டுனாதான் அக்கா நாலு நாள் தங்குவாங்க. இல்லாட்டி ஒரே நாள்ல லங்காவிக்கு ஓடிருவாங்க."

அது அப்படியே நடந்தது. அறைகள் நிறைந்தன. விருந்தினர்கள் விடுதியைப் பற்றி இணையத்தில் எழுதும்போது கட்டிலைப் பற்றி ஒரு வரியும் தாளைப் பற்றி நான்கு வரியும் எழுதினார்கள். பதினோரு ஆண்டு தொழிற்சாலையில் அவள் செய்த எதன் மேலும் அவளுடைய பெயர் இருந்ததில்லை. இந்தத் தாளின் அடியில் சின்ன எழுத்தில் 'குமுதா' என்று இருந்தது. அதை அவள் யாருக்கும் சுட்டிக் காட்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் அந்த மூலை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஏழாவது வரி ஒரு பிரெஞ்சுப் பெண்ணால் வந்தது. காசு அட்டையைத் தொலைத்துவிட்டு இரண்டு நாளாகப் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவள். வெள்ளிக்கிழமையாக இருந்ததால் குமுதா அவளைக் கோயிலுக்கு வழி சொல்லி அனுப்பினாள். திரும்பி வந்தவளின் கண்கள் கலங்கியிருந்தன. "யாருமே என்னை எதுவும் கேட்கவில்லை" என்று சொன்னாள். குமுதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நம்மிடமும் உலகத்துக்குக் காட்ட ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. அன்று மாலையே எழுதினாள்: 'ஏழு. வெள்ளி பகல் பன்னிரண்டரை. இந்துக் கோயிலில் வாழையிலைச் சாப்பாடு. உண்மையான தென்னிந்தியச் சுவை. எல்லாருக்கும் இலவசம். தோளை மூடிக்கொண்டு போகவும்.'

முதலில் வாரத்துக்கு இரண்டு பேர் போனார்கள். பிறகு பத்து. யாரோ தாளைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். மற்ற விடுதிகளும் அதை நகலெடுத்துக் கொடுக்கத் தொடங்கின. நான்கு மாதத்தில் கோயில் வாசலில் வெயிலுக்குத் தொப்பி போட்டவர்களின் வரிசை தெருமுனை வரை நின்றது.

கோயில் செயலாளர் ராமதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் குமுதாவைப் பார்த்தபோது, தாளை எழுதியவள் அவள் என்று தெரியாமலே சொன்னார். "நம்ம கோயிலு வைரலாயிடுச்சு லா, தங்கச்சி! ஜெர்மன்காரன் ரசத்தக் கையில வாங்கிக் குடிக்கிறான். பேனர் ஒண்ணு அடிக்கக் குடுத்திருக்கேன், நாலு பாஷைல."

"நல்லம்மா அக்கா என்னா சொல்றாங்க?"

"அவங்க என்னிக்குச் சிரிச்சாங்க? அரிசி பத்தலன்னு கத்துறாங்க. ரெண்டு மூட்டை கூட வாங்கிட்டாப் போச்சு."

குமுதா அன்று இரவு தூக்கம் வராத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தாள்.

பிறகு அந்தக் காணொளி வந்தது. ஊர் ஊராகச் சுற்றிப் படமெடுக்கும் ஓர் இளைஞன், விடுதியின் பெயரையும் குறிப்பிட்டுப் போட்டிருந்தான். மர்ஜானா கைப்பேசியோடு மேசைக்கு ஓடி வந்தாள். "பாரு புள்ள, ஒரு லட்சம் பேரு பாத்துட்டாங்க!" குமுதா தன் கைப்பேசியில் அதைத் திறந்து, முழுவதும் பார்ப்பதற்கு முன்பே ஓர் இதயத்தை அழுத்தினாள். இலை, சோறு, ஆவி பறக்கும் சாம்பார் வாளி. பிறகு கேமரா பந்தி முழுவதும் மெதுவாக நகர்ந்தது. தூணருகில் நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் வாய்க்குப் பக்கத்தில் உருண்டையோடு கையை நிறுத்தி, நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்தார். அதன் கீழே எழுத்துகள் ஓடின: 'பினாங்கின் ஏழைகளுக்கு இங்கே தினமும் சோறு கிடைக்கிறது. உங்களுக்கும் கிடைக்கும்!'

தினமும் என்பதே தவறு. அதைத் திருத்தத்தான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் அந்த முகம் அவளுக்குள் இறங்கியது. முப்பது வெள்ளிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்தும், அவர் எதற்காக வருகிறார் என்று அவள் யோசித்ததே இல்லை. பூவும் சூடமும் கொண்டு வருகிறவர் சாமி கும்பிட வருகிறார் என்றே இருந்துவிட்டாள். அவளும் அப்படித்தானே, ஒவ்வொரு வாரமும் முதலில் சந்நிதியைச் சுற்றிவிட்டு, ஏதோ வேண்டுதல் இருப்பதுபோல நின்றுவிட்டு, பந்திக்குப் போனாள்?

இதயத்தைத் திரும்ப எடுத்தாள். காணொளி எடுத்தவனுக்கு எழுதினாள்: அந்தப் பெரியவரின் முகத்தை எடுத்துவிடுங்கள். இரண்டு நாளில் பதில் வந்தது. நல்ல பையன்தான். 'அவருக்காக நிதி திரட்டலாமா? அவர் வீட்டைப் படமெடுக்க அனுமதி வாங்கித் தர முடியுமா?' என்று கேட்டிருந்தான்.

அடுத்த மூன்று வெள்ளிக்கிழமையும் மர்ஜானாவிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு குமுதா கோயிலுக்கு ஓடினாள். தூணடி இடத்தில் ஒரு முறை பச்சை குத்திய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்; ஒரு முறை ஒருவருடைய பை இருந்தது; ஒரு முறை யாருமில்லை. பலூன் அம்மாவும் வரவில்லை. நல்லம்மாள் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "இலையத்தான் பாக்குறேன். ஆனா யாரு இலை காணாமப் போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

நான்காவது வாரம் அவள் அவரைத் தேடிப் போனாள். வழி தேட வேண்டியிருக்கவில்லை. குடை பிடித்த பூனை அவளுடைய தாளில் மூன்றாவது எண்.

பூனைக்கு முன்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். பக்கத்திலிருந்த ஒடுக்கமான மரப்படியில் ஏறி, டிபன் கேரியரோடு கதவைத் தட்டினாள். தம்பு அதே வெள்ளைச் சட்டையில் கதவைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார்.

"ஓ, நீயோ பிள்ளை. வா, வா."

ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கதவுக்குப் பின்னால் இஸ்திரி போட்ட இன்னும் இரண்டு வெள்ளைச் சட்டைகள். மூலையில் ஒரு பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. சமைத்த வாசனை எதுவும் இல்லை. நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, இருந்த ஒரே கோப்பையைக் கழுவி அவளுக்கு மைலோ கலந்தார். கீழேயிருந்து, "ஒன், டூ, த்ரீ!" என்று யாரோ கத்தினார்கள்.

"நாள் முழுக்க உதுதான். எனக்கு இப்ப எட்டுப் பாஷையிலை மூண்டு வரைக்கும் எண்ணத் தெரியும்," என்றார்.

"சாப்பாடு கொண்டாந்தேன் அங்கிள்."

"நான் சாப்பிட்டிட்டன்."

"சும்மா கொஞ்சம்..."

"சாப்பிட்டிட்டன், பிள்ளை." குரல் உயரவில்லை. கேரியர் திறக்கப்படாமல் மேசையில் இருந்தது.

பெட்டியை அவள் பார்ப்பதை அவர் பார்த்தார். "என்ர மகள் தர்மினி மெல்பேர்னிலை இருக்கிறாள். அவளின்ர சிநேகிதி ஆரோ அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறாள். போன் எடுத்து ஒரே அழுகை. 'அப்பா, சாப்பாட்டுக்கு வழியில்லாமலோ இருக்கிறியள்? எனக்கேன் சொல்லேல்லை?' நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறனெண்டுதான் அவளுக்குச் சொல்லியிருந்தன். பொய்யில்லைத்தானே?" சிரிக்கப் பார்த்தார். "அவளுக்கு மூண்டு பிள்ளையள், வீட்டுக் கடன். என்னாலை அவளுக்கு ஒரு பாரமும் இல்லையெண்டுதான் நானும் இருந்தனான். இப்ப பத்து காவானிலை ஒரு முதியோர் இல்லம் பாத்துக் காசும் கட்டிப்போட்டாள். வாற சனிக்கிழமை வான் வருகுது."

பத்து காவான் கடலுக்கு அக்கரை. பஸ்ஸில் போய் வரும் இடமில்லை. அவரை அங்கே கொண்டுபோய் விட்டால் ஜார்ஜ் டவுனுக்கு அவராக இனி வரமுடியாது.

குமுதா மைலோவைக் கீழே வைத்தாள். "அங்கிள், அந்தப் பையன் வந்தது என் தாளைப் பாத்துத்தான். கோயிலப் பத்தி எழுதினது நான்தான்."

அவர் கையை நீட்டினார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கப்பல் சரக்குப் பட்டியலைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"மூண்டாம் நம்பர் என்ர பூனை."

"ஆமா அங்கிள்."

"அப்ப இவ்வளவு நாளும் என்ர வாசலிலை சனத்தைக் கொண்டுவந்து அடைஞ்சதும் நீதானோ?"

அவர் நிஜமாகவே சிரித்தார். அவளால் முடியவில்லை. விரல் கீழே இறங்கி ஏழில் நின்றது. வெகுநேரம் நின்றது.

"நல்ல இங்கிலிஷ்," என்றார் கடைசியில். "ஒரு பிழையுமில்லை. எழுதினதெல்லாம் உண்மைதான்."

திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஐம்பது வருசம் இஞ்சை இருக்கிறன். உதிலை ஒண்டையும் நான் ஒழுங்காப் பார்க்கேல்லை. ஒபிஸ், வீடு. பிறகு வீடு, கோயில். உனக்கு வெள்ளிக்கிழமை லீவு எடுக்கலாமோ?"

"எடுக்கலாம் அங்கிள்."

"அப்ப எனக்கும் உன்ர ஊரைக் காட்டு."

வெள்ளிக்கிழமை என்று அவர் சொன்னதும் குமுதாவுக்குள் ஒரு நம்பிக்கை பிறந்தது. பன்னிரண்டரைக்கு எப்படியும் ஏழாவது எண்ணுக்கு வந்து சேர்வார்கள். ஒரே ஒரு முறை, போவதற்கு முன், அவர் அந்தத் தூணடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

வியாழன் மாலை கோயில் சமையற்கட்டுக்குப் போனாள். நல்லம்மாள் அரிவாள்மணையில் முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தார். குமுதா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தாள், காணொளி, தம்பு, பத்து காவான்.

அரிவாள்மணை நின்றது.

"நீயா?"

"ஆமாக்கா."

"நீ இந்த எலையில சாப்பிட்டவதானே? வேலையில்லாம இருந்தப்ப?"

குமுதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"கையத் தெரியும். சோத்த ஓரத்திலேர்ந்து சாப்பிடுற கை." நல்லம்மாள் அவளை நிமிர்ந்து, நேராக, நீண்ட நேரம் பார்த்தார். "அத்தன நாளு உன் மூஞ்சிய நான் பாக்கலம்மா. இன்னிக்குத்தான் பாக்குறேன்."

குமுதா அழவில்லை. அழுதால் அதுவும் ஒரு தப்பாகிவிடும் போலிருந்தது.

"கூட்டியா அவர," என்றார் நல்லம்மாள் மறுபடி முட்டைக்கோஸை எடுத்து. "தூணு கிட்ட எலை போட்டு வைக்கிறேன். தொப்பிக்காரங்கள ரெண்டாம் பந்திக்கு நிறுத்துறேன். ராமதாஸ் கத்துனா கத்தட்டும், கரண்டி என் கையிலதான் இருக்கு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தம்பு படியிறங்கி வந்தார். சட்டை அன்றைக்கென்று கஞ்சி போட்டது. இலவச பஸ்ஸில் கொம்தார் கோபுரம் வரை ஒரு சுற்று. ஜன்னலோரம் உட்கார்ந்து, பெயர்ப் பலகைகளை எல்லாம் வாய்க்குள் படித்தார். கப்பல் கம்பெனி இருந்த கட்டடம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டார்; அது இப்போது காபிக் கடை. அடுத்து சுவர்களில் கம்பியை வளைத்துச் செய்திருக்கும் கேலிச்சித்திரங்கள். ஒன்றில், தடித்த கிளார்க் ஒருவர் மேசையில் தூங்கினார். "எங்கடை மேனேஜர்," என்றார் தம்பு.

மூன்றாவது, அவருடைய பூனை. வரிசையில் நின்றுதான் பார்த்தார்கள். இத்தனை ஆண்டில் அதை நேர் எதிரே நின்று பார்த்ததில்லையாம். "மீசை இவ்வளவு வடிவெண்டு எனக்குத் தெரியாது," என்றார். குமுதா கைப்பேசியை எடுத்தாள். "எனக்குப் போட்டோ வேண்டாம், பிள்ளை." அவள் சட்டென்று உள்ளே வைத்தாள்.

பின்னால் நின்ற கொரியக் குடும்பம் ஒன்று, தங்களைப் படமெடுத்துத் தரும்படி அவரிடம் கைப்பேசியை நீட்டியது. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கொரிய மொழியில் மூன்று வரை எண்ணத் தொடங்கியவர், இரண்டில் நிறுத்தினார். குடும்பம் சிரித்த முகத்தோடு காத்து நின்றது.

"என்னாச்சு அங்கிள்?"

"அங்கை பின்னாலை ஒரு மனுசன் குப்பை அள்ளுறார். அவர் போகட்டும்."

அந்த மனிதர் வாளியை எடுத்துக்கொண்டு சந்து திரும்பும் வரை கைப்பேசியைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றார். பிறகுதான் எடுத்தார். குமுதா பூனையைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்காவது, கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனர்களின் மர வீடுகள். ஐந்தாவது, எஸ்பிளனேட் கடற்கரைச் சுவர். அங்கே சும்மா உட்கார்வதுதான் காட்சி. அங்கிருந்து நடந்து, ஆறாவதற்கு வந்தார்கள்: லிட்டில் இந்தியாவின் கடைத்தெரு. ஸ்பீக்கர் பாட்டு, சேலைக் கடை, வடை எண்ணெய். பூக்கடை முன் தம்பு நின்றார். ஒரு முழம் மல்லிகை வாங்கினார். பக்கத்துக் கடையில் ஒரு பொட்டலம் சூடம். குமுதா கைப்பேசியில் நேரம் பார்த்தாள். மணி பன்னிரண்டு இருபது.

கோயில் தெருமுனைக்கு வந்ததும் ராமதாஸ் அடித்த பேனர் தெரிந்தது. நான்கு பாஷையில் 'இலவசச் சாப்பாடு', கீழே ஓர் அம்புக்குறி. வாசல் ஓரம் இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தவர்கள் நிழலில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில் வழி தெளிவாக இருந்தது. தூணும் தெரிந்தது.

தம்பு எதிர்க் கடையின் ஐந்தடி நடைபாதையில் நின்றுவிட்டார். பேனரைப் படித்தார். பூவையும் சூடத்தையும் அவளிடம் நீட்டினார்.

"நீ போய்க் குடுத்திட்டு வா. நான் இதிலை நிக்கிறன்."

"அங்கிள், உங்க இடம்... அக்கா வச்சிருக்காங்க. யாரும் படம் எடுக்க மாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்."

"குடுத்திட்டு வா, பிள்ளை. வெயிலுக்குப் பூ வாடப்போகுது."

அவள் உள்ளே போனாள். சந்நிதியில் பூவைக் கொடுத்தாள். திரும்பும்போது கூடத்தைப் பார்த்தாள். முதல் பந்தி உட்கார்ந்தாயிற்று. தூணடியில் ஓர் இலை, தண்ணீர் தெளித்து, பக்கத்தில் நிரப்பிய தம்ளரோடு காத்திருந்தது. அதற்கு முன்னால் நல்லம்மாள் சோற்று வாளியோடு நின்றார். இலையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமுதா மட்டும் தனியாக வருவதைப் பார்த்தார். அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

வெளியே தம்பு அதே இடத்தில் நின்றார். காலையிலிருந்து அவர் குடித்தது கடற்கரையில் வாங்கிக் கொடுத்த அரை கிளாஸ் பார்லி தண்ணீர் மட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"குடுத்தியோ?"

"குடுத்தேன். அங்கிள், வாங்களேன். ஒரு கை..."

"எனக்குப் பசிக்கேல்லை. உனக்குப் பசிச்சால் நீ போய்ச் சாப்பிடு, நான் நிக்கிறன்." மன்னிப்பதுபோலவும் இல்லை, கோபித்ததுபோலவும் இல்லை. பஸ் தாமதமாவதைப் பற்றிச் சொல்கிற குரல். பிறகு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, கண்ணாடியில்லாமல் தூர வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் ஒரு வரியை மூடியிருந்தது.

"எட்டாவது என்ன போட்டிருக்கு?"

"ஃபெரி அங்கிள். அக்கரைக்குப் போய்த் திரும்பி வர்றது."

"நாளைக்கு எப்பிடியும் போகத்தானே வேணும். இண்டைக்குத் திரும்பி வாறமாதிரி ஒருக்காப் போவம்."

அவர் முன்னால் நடந்தார். முதல் பந்திக்கு ரசம் வருகிற நேரம். மிளகு தூக்கலான வாசனை தெருமுனை வரை அவர்களோடு வந்தது.